திறக்காத வால்வு

இந்த அடிக்கும் வால்வு அசையவில்லை.

அவன் கேரவனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பழைய வண்டி. மேலே படத்தின் நாயகன் ஓய்வெடுக்கும் அறையும் கழிப்பறையும். கழிவுத்தொட்டி அவன் முகத்துக்கு நேரே. தொட்டி நிரம்பிவிட்டது. அதைத் திறந்துவிடும் வால்வு துருவேறி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டும் கைப்பிடி நகரவில்லை.

சுத்தியலை மறுபடி ஓங்கினான்.

மேலே ஏதோ விழுந்தது.

மறுபடியும் சத்தம். இம்முறை விழுந்த சத்தமில்லை. அடித்த சத்தம்.

"வேணாம் சார்."

ஜெபக்கனியின் குரல். நாயகனுக்கு முடி அலங்காரம் செய்பவள். அடுத்த படத்துக்கு வரமாட்டேன் என்று இன்றைக்கு அவரிடம் சொல்லிவிடப் போவதாகக் காலையில் டீ குடிக்கும்போது சொன்னாள்.

மூடிக்கிடந்த நூற்பாலையின் பின்முற்றம். சாப்பாட்டு நேரம். படப்பிடிப்பு யூனிட் மொத்தமும் முன்பக்கப் பந்தலில் இருந்தது. ஜெனரேட்டர் இரைச்சலைத் தாண்டி அங்கே எதுவும் கேட்காது.

அவனுக்குக் கேட்டது.

அவள் முதுகு தரையில் மோதியபோது அவன் நெற்றியில் துரு உதிர்ந்தது.

அவன் வால்வை விட்டுவிட்டு வண்டியின் தரைத்தகட்டை அடித்தான். கீழிருந்து மேலாக.

மேலே அடிச்சத்தம் நின்றது.

"யார்றா கீழ?"

"டிரைவர் சார். வால்வு திறக்க மாட்டேங்குது."

"அப்புறம் பாத்துக்கலாம். போடா."

அவன் போகவில்லை. அடித்தான். நிறுத்தாமல் அடித்தான். சுத்தியல் வழுக்கி விரல் நசுங்கியது. அப்போதும் அடித்தான்.

கதவு திறந்தது. வெறும் பாதங்கள் படியிறங்கின. ஒரு கை அவன் கணுக்காலைப் பற்றி வெளியே இழுத்தது. சிமென்ட் தரை முதுகுத்தோலை உரித்தது.

முதல் உதை விலாவில். உள்ளே ஏதோ முறிந்தது.

அடுத்தது வாயில்.

நாயகனின் முகத்தில் கோபம் இல்லை. நன்றாக ஒத்திகை பார்த்தவரின் நிதானம்தான் இருந்தது.

அவர் தோளுக்குப் பின்னால் ஜெபக்கனி இறங்கி வந்தாள். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் அவன் நழுவவிட்ட சுத்தியல்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

ஒரே அடி.

யாரோ கூப்பிட்டதுபோல நாயகன் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அவன்மேல் சரிந்தார்.

அவருக்கு மூச்சு இருந்தது.

அவன்தான் பந்தல் வரை தள்ளாடிப் போய்க் கத்தினான். எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். சிலர் பைக்கில் பின்னாலேயே போனார்கள். முற்றம் காலியானது.

தயாரிப்பு மேலாளர் சடகோபன் மட்டும் திரும்பி வந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"வால்வு பட்டுனு திறந்துக்கிச்சு சார். தண்ணி பீறிட்டு வந்துச்சு. அவரு வழுக்கி, படியில தலை அடிச்சு விழுந்துட்டாரு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

சடகோபன் அவன் உதட்டைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வெயிலில் சிமென்ட் வெளுத்துக் கிடந்தது.

"வாட்ச்மேன் போலீசுக்குப் போன் போட்டுட்டான்," என்றார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். திரும்பவில்லை. "தரை காஞ்சு கிடக்குய்யா."

போய்விட்டார்.

அவன் சுத்தியலை எடுத்தான். அதன் முனையில் ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் வண்டிக்கடியில் ஊர்ந்தான். இடது கை உயரவில்லை. வலது கையால் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் முறிந்த விலா உள்ளே குத்தியது. துருதான் தூளாகக் கொட்டியது.

அவளும் ஊர்ந்து வந்து பக்கத்தில் படுத்தாள்.

"அவரு கண்ணு முழிச்சா?" என்று கேட்டான்.

"சொல்ல மாட்டாரு."

அவள் மூச்சு வாங்கினாள்.

"பொம்பள கையால அடி வாங்கி விழுந்தேன்னு அந்தாளு செத்தாலும் சொல்ல மாட்டாரு."

ஆலையின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ஜீப் உள்ளே வரும் சத்தம்.

அவன் சுத்தியலைக் கீழே போட்டான். மூன்று கைகள் கைப்பிடியைப் பிடித்தன. அவள் சக்கர அச்சில் காலை ஊன்றினாள்.

"இழு."

வரவில்லை.

"இழு!"

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மேலே அடி வாங்கியபோதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை.

கைப்பிடி நகக்கண் அளவு நகர்ந்தது. முதலில் நாற்றம் வந்தது. பிறகு எல்லாம் வந்தது. கழுத்தில், வாயில், அவளுடைய மூடிய கண்ணில், கீழே கிடந்த சுத்தியலின்மேல். இருவரும் விலகவில்லை. கழிவுநீர் சிமென்ட்டில் பரவி, நாயகன் விழுந்த இடத்தைத் தாண்டி, படியைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

ஜீப்பின் கதவு திறந்தது.

இரண்டு பூட்ஸ்கள் நடந்து வந்து ஈரத்தின் ஓரத்தில் நின்றன.

பிறகு ஓரடி பின்னால் போயின.