கடைசிப் பாடம் குளியல்

"இது பள்ளிக்கூடமா, தீர்த்தக்கரையா ஓய்?"

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் போட்ட சத்தத்தில் சிற்றாற்றங்கரைக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் ஆவுடைநாயகம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஐந்தாம் வகுப்பில் ஈ, காக்காய் இல்லை. வகுப்பு முழுக்க ஆற்றில் கிடக்கிறது. "ஏலே, நல்லா முங்குங்கலே!" என்று சற்றுமுன் கத்தியதும் அவரேதான்.

"தினமும் இந்தக் கூத்துதானா?"

"ஆமாய்யா. கடைசிப் பாடவேளை..."

"சீசனுக்குக் குற்றாலம் வந்த எனக்கே இன்னும் குளிக்க நேரம் வாய்க்கலே. உமக்குத் தினமும் ஜலக்கிரீடை! இன்னைக்கே ஜில்லா போர்டுக்கு எழுதுதேன். பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டுப் போம்!"

"பூட்டிட்டுப் போம்!" தண்ணீருக்குள்ளிருந்து அதே தொண்டை, அதே இழுவை. யார் குரலையும் விட்டுவைக்காத மாடத்திதான். ஆறே சிரித்தது.

"வாயை மூடுட்டி!" ஆவுடைநாயகம் ஆற்றைப் பார்த்து அதட்டினார். பூட்டினால் இந்தப் பிள்ளைகள் மாடு மேய்க்கத்தான் போகும்.

கரையில் ஒரு பையன் மட்டும் நனையாமல், புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"உம் பேரு என்னலே?"

"சுடலைமாடன்யா."

இன்ஸ்பெக்டர் கணக்குக் கேட்டார். கேட்டு வாய் மூடுமுன் விடை வந்தது. பூகோளம் கேட்டார். வந்தது. இங்கிலீஷில் கேட்டார். இங்கிலீஷிலேயே வந்தது.

கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பையனைச் சேர்த்தணைத்து முதுகில் தட்டினார்.

"சபாஷ்! உம்ம பள்ளிக்கூடத்துல இவன் ஒருத்தன்தான் ஓய் பிள்ளை. மத்ததெல்லாம் எருமை. இவனை மட்டும் ஏன் குளிக்க விடலே?"

இனி மறைத்துப் பயனில்லை.

"இவன் சேரிப் பிள்ளைய்யா. எல்லாரோடயும் ஒரே பெஞ்சுல உக்காருதான். 'அவனை வெளியே உக்கார வையும். இல்லேன்னா, அவனைத் தொட்ட பிள்ளைகளைக் குளிப்பாட்டி வீட்டுக்கு அனுப்பும்'னு ஊர்ல சொல்லிட்டாவ. குளிப்பாட்டியே அனுப்புதேன்னு ஒத்துக்கிட்டேன். அவன் உள்ள இருக்கணுமேய்யா."

இன்ஸ்பெக்டர் பையனை ஒருமுறை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கிவிட்டாரோ என்று ஆவுடைநாயகத்துக்கு நெஞ்சு இளகிற்று.

"பெரிய காரியம் ஓய் நீர் செய்தது! பள்ளிக்கூடம் நடக்கட்டும். நான் எழுதலே."

சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றினார். தலைப்பாகையைக் கழற்றினார். சுடலைமாடன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆற்றில் இறங்கி முங்கினார்.