பிளாஸ்டர் ஒட்டிய கசெட்

பாலத்தடி றெக்கோடிங் கடையில் அழகரத்தினம் கசெட்டை நீட்டுகிறான். அதன் முதுகில் இருந்த இரண்டு பொத்தல்களையும் பிளாஸ்டர் துண்டால் வடிவாக ஒட்டியிருக்கிறான். மங்கையற்கரசி வாங்கித் திருப்பிப் பார்க்கிறாள். மேலே வேறு எதுவும் பதிந்துவிடக்கூடாது என்றுதானே அந்தப் பொத்தல்களில் இருக்கும் பிளாஸ்டிக் முனைகளை உடைத்து வைப்பார்கள்? அவள் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் நிவாரண முகாமில் வேலைசெய்கிற கம்போடியாத் தாதியின் கசெட் அது. தாதியின் நாட்டுப் படச்சுருள்கள் எரிந்து, அந்தப் படங்களில் பாடியவர்களும் கொலைகார ஆட்சியாளரின் கையில் செத்த பிறகு, அகதியாக ஓடியவள் மடியில் கட்டிக்கொண்டு வந்த பாட்டுகள். பிரதி எடுக்கத்தான் மங்கையற்கரசி இவனிடம் வெற்றுக் கசெட்டும் சேர்த்துக் கொடுத்தாள். “சீனாக்காரிட கத்தல் புள்ள, ஆர் கேக்கிற? நல்ல கசெட்டெண்டு அதிலயே நம்மட புதுப் படப்பாட்டு அடிச்சிரிக்கன்,” என்கிறான். மெச்சுவாள் என்று காத்திருக்கிற முகம். வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிகிறது. சுவரில் நடிகைகள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். வெளியே காவலரண் மணல்மூட்டைகளில் நாலுமணி வெயில். அங்கே துவக்கோடு நிற்கிறவனைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. காலில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் இவனைப் பார்க்கிறாள். அவனுக்கு அது விளங்கவில்லை. கடைசிப் பாட்டைக் கேட்கச்சொல்லிப் போட்டுவிடுகிறான். மேளமும் விசிலும் அடித்து ஓய்கின்றன. உடனே ஒரு கிற்றார். அதன்மேல் ஒரு பெண்குரல், தேன்போல, இரண்டே வரி. நாடா முடிந்து பொத்தான் டக்கென்று எழும்புகிறது. அழகரத்தினம் நாக்கைக் கடித்துக்கொள்கிறான்.

“கொஞ்சம் மிஞ்சிப்போச்சி. இரி புள்ள, அதையும் அழிச்சித் தாறன்.”