பிட்யூட்டரியின் அதட்டல்

மலையடி ஊர் ஒன்றில் அன்னக்கிளி என்றொரு பெண் இருந்தாள். அவள் மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் உட்கார்ந்திருந்த பிட்யூட்டரி சுரப்பி மற்ற சுரப்பிகளை அதட்டி வேலை வாங்கியது. கழுத்தில் இருந்த தைராய்டு மீதுதான் அதற்குக் கோபம் அதிகம்.

"உன்னாலதான் இவ எப்பவும் சோர்ந்து கிடக்கறா. முடியெல்லாம் கொட்டுது. சோம்பேறி, இன்னும் சுர!"

"பார்க்கறேன் அண்ணே" என்று மட்டும் தைராய்டு சொல்லும்.

நாளுக்கு நாள் அதட்டல் ஏறியது. தைராய்டு முக்கி முக்கிப் பார்த்து வீங்கிப்போனது. வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்தவே, மருத்துவர்கள் தைராய்டையே அறுத்து எடுத்துவிட்டு, அதன் சுரப்புக்கு ஈடாகத் தினமும் காலையில் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார்கள்.

சில வாரங்களில் அன்னக்கிளிக்குத் தெம்பு வந்தது. பிட்யூட்டரிக்கும் மனம் குளிர்ந்தது.

"ஒருவழியா தைராய்டுக்குப் புத்தி வந்துதே!" என்று ரத்தத்திடம் சொன்னது.

"அது போய் ரெண்டு மாசம் ஆச்சு. இது மாத்திரை" என்றது ரத்தம்.

பிட்யூட்டரி திடுக்கிட்டது. "அப்போ அது ஏன் ஒழுங்கா சுரக்கலை?"

"சுரக்க அயோடின் வேணாமா? இந்த வீட்டு உப்புல அது கிடையாது. 'கொஞ்சமாவது இருக்கா'ன்னு தினமும் என்கிட்ட கேட்கும். நான் வெறுங்கையோட போவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் பார்த்துது. நீங்க போட்ட சத்தத்துல வாயை மூடிக்கிச்சு."

அன்று பிட்யூட்டரி குரலைத் தாழ்த்தி, "தம்பி, எப்படி இருக்கே?" என்று ஒரு சேதி அனுப்பியது. ரத்தம் அதைக் கழுத்துவரை சுமந்து போனது. இறக்கி வைக்க இடமில்லாமல், அப்படியே திரும்பக் கொண்டுவந்தது.