பாறை சொன்ன பெயர்

நான்கு பழைய ஊர்களைப் பார்த்துவிட்டு, பாலைவனத்தின் நடுவே இருந்த அந்தச் செம்பாறைப் பள்ளத்தாக்குக்கு வாடகைக் காரில் வந்திருந்தார்கள். “வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சௌந்தரம்” என்று போன கணவர் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. இருபுறமும் எழுந்து நின்ற பாறைகள் வானத்தை ஒரு நாடா அகலத்துக்குக் குறைத்துவிட்டிருந்தன. சௌந்தரம் “என்னங்க!” என்று கூப்பிட்டாள். நூறு பெண்கள் நூறு கணவர்களைக் கூப்பிடுவது போலப் பள்ளத்தாக்கு அதைத் திருப்பித் தந்தது. இதில் தன்னைத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருடமாக அவர் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடச் சீட்டில் எழுதித்தான் காட்டுவாள். கைப்பையை மார்போடு அணைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: “அம்பலவாணன்!”

பாறைகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, அந்தப் பெயரை உச்சி வரை கொண்டுபோயின. அவள் கண்ணைத் திறந்தாள். மூச்சிரைக்க வளைவில் வந்து நின்றார் அவர்.

“என் பேரச் சொன்னது யாரு?”

அவள் பாறையைக் கைகாட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றி, அண்ணாந்து பார்த்து, “இதோ வந்துட்டேன்!” என்று உரக்கச் சொன்னார்.

எல்லாத் திசைகளிலிருந்தும் அவர் அவளிடம் வந்துகொண்டே இருந்தார்.