மண்டியிடும் இடம்

கடைசிப் பாட்டு தொடங்கியதுமே கடற்கரை மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது.

இலவசக் கச்சேரி. குளிக்க வந்தவர்கள் ஈரத் தலையோடு ஆடினார்கள். நடக்க வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். மணலில் இடம் கிடைக்காதவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றும் ஆட்டத்தை விடவில்லை.

மேடையில் தலை கறுத்தவர் ஒருவரும் இல்லை. கறுத்திருந்த ஒன்றிரண்டு தலையும் சாயம்தான். இவர்கள் ஃபங்க், சோல் என்று மேல்நாட்டுப் பாட்டு வாசிக்கக் கிளம்பிய காலத்தில், கீழே ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

பின்பாட்டு பாடும் மூன்று பேரில் நடுவில் நின்றவள் பாடகரின் மனைவி. மேடையில்தான் பின்பாட்டு. வீட்டில் அவள் எடுத்துக்கொடுக்காமல் ஒரு வேலையும் நடக்காது.

அவள் கை தட்டினாள், தோளைக் குலுக்கினாள், வாய் நிறையச் சிரித்தாள். கண் மட்டும் கணவரின் முட்டியை விட்டு நகரவில்லை.

அவருக்கு இரண்டு முட்டியும் புதிது. இந்தக் கச்சேரிக்காகவே அவசர அவசரமாக மாற்றியது. நடக்கலாம், படி ஏறலாம், கொஞ்சம் ஆடக்கூடச் செய்யலாம், ஆனால் தொப்பென்று மண்டி போட்டால் அப்புறம் தன்னிடம் வர வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மாலையில் மேடைப் படி ஏறும்போதுகூட இருவரும் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். பாஸ் கிட்டார் வாசிக்கும் அவள் தம்பிக்கு வாய் சும்மா இருக்குமா? “பாருங்கப்பா, எங்கக்கா மாமாவ நடை பழக்குறா!” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

வம்பு என்னவென்றால், இந்தப் பாட்டில் ஒரு இடம் இருக்கிறது.

வாத்தியமெல்லாம் சட்டென்று நிற்கும். பாடகர் ‘போகாதே’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தி, அப்படியே மண்டியிட்டு விழுவார். பிறகு டிரம்ஸ் கடகடவென்று உருளும். அவர் துள்ளி எழுவார். பாட்டு முடியும். வாலிபத்தில் ஆரம்பித்த வழக்கம். பாட்டை மறந்தவர்கள்கூட அந்த விழுகையை மறக்கவில்லை.

இன்று விழ மாட்டேன் என்று காலையில் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அவள் நம்பவில்லை. கைதட்டல் கேட்டால் அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

இடம் நெருங்கியது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மேலே ஏறின. கீழே செல்போன்கள் உயர்ந்தன. “விழுங்க! விழுங்க!” என்று கூட்டம் தாளத்தோடு கேட்க ஆரம்பித்தது.

அவர் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். மழையில் நனையட்டுமா என்று அம்மாவைக் கேட்கிற பிள்ளையின் முகம். அவள் கூடாது என்று தலையசைத்தாள்.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். முட்டி லேசாக மடங்குவது அவளுக்குத் தெரிந்தது.

வாத்தியங்கள் நின்றன. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நொடி கணவரைத் தாண்டி மேடை விளிம்புக்கு வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷத்தில் தன் இடத்தை விட்டு ஓர் அடி முன்னால் வைத்தவள் இல்லை.

அவர் கத்த வேண்டியதை அவள் கத்தினாள். தொப்பென்று மண்டியிட்டாள்.

ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு எழுந்த விசிலில் காது அடைத்துப்போனது. தண்ணீரில் நின்றவர்கள் கையால் அலையை வாரி வாரி மேலே வீசினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த ஆள் இவ்வளவு காலமும் இதைத் தனியாகவா அனுபவித்தார் என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

டிரம்ஸ் உருண்டது. அவள் எழவில்லை.

மறுபடியும் உருண்டது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே காக்க வைக்கிறாள் என்று கூட்டம் இன்னும் அலறியது.

பாடகர் மைக்கை ஒதுக்கிப் பிடித்துக் குனிந்தார். பெருமை தாங்காமல் அவர் கண் கலங்கியிருந்தது. “கலக்கிட்டடி! எந்திரி, முடிச்சிடலாம்.”

“எந்திரிக்க வரலைங்க,” என்றாள் அவள், சிரிப்பு மாறாமல். “பாட்ட நிறுத்திடாதீங்க.”

முட்டியை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும்தான். முதலில் அவருக்கு ஆகட்டும், கச்சேரி வருகிறது, என் விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சியவள் அவள்.

அவர் அவள் முட்டியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மாலையில் படியில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்காவின் முகத்தைப் படிக்கத் தெரிந்த தம்பி, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் பாட்டை முதலிலிருந்து இழுத்தான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் மறுபடியும் ஆடத் தொடங்கியது.

பாடகர் மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தூக்க ஆள் வேண்டும் என்று ஜாடை காட்டினார். டிரம்பெட்காரரும் சாக்ஸபோன்காரரும் வாசிப்பதை விட்டுவிட்டு, தாளத்துக்கு அடி வைத்து முன்னால் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக அவள் அக்குளில் கை கொடுத்து மெல்ல மெல்லத் தூக்கினார்கள். அவள் பாட்டை விடவில்லை.

“எவ்வளவு ஒத்திகை பாத்திருப்பாங்க, பாரேன்!” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.