சாரத்தில் கட்டிய எலுமிச்சம்பழம்

ஒரு வீட்டின் வெளிச்சுவரோரம் சக்கரம் வைத்த இரும்புச் சாரம் மாடி உயரத்துக்கு நின்றது. பெயிண்ட் அடிக்க வந்த செங்கோடன், ஒரு சக்கரத்துக்கு மேலே எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டிக் கும்பிட்டுவிட்டு, வாளியோடு உச்சிக்கு ஏறினார்.

"என்னை எதுக்கய்யா இங்க கட்டியிருக்காரு?" என்று கேட்டது எலுமிச்சம்பழம்.

"சாரம் உருளாம நீ பார்த்துக்கணுமாம்," என்றது சக்கரத்திலிருந்த பிரேக்.

"அப்போ நீ எதுக்கு இருக்கே?"

"அதுக்குத்தான். காலால ஒரு மிதி மிதிச்சா சக்கரத்தைப் பிடிச்சுக்குவேன். யாரு மிதிக்கிறா?"

எலுமிச்சம்பழத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ் செங்கோடா! ஊறுகாய்க்குப் போக வேண்டிய என்னைக் காவலுக்கு வைக்கிறியே, எனக்குக் கையா காலா இருக்கு? இறங்கி வந்து இவனை மிதிய்யா!"

செங்கோடனுக்கு அது கேட்கவில்லை. எட்டாத மூலைக்குப் போக, ஜன்னல் விளிம்பைப் பிடித்துச் சாரத்தோடு தன்னை இழுத்தார். சாரம் கடகடவென்று உருண்டு போர்டிகோ தூணில் மோதியது. வாளி பறந்தது. செங்கோடன் கம்பியைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். தூணுக்கும் கம்பிக்கும் நடுவில் எலுமிச்சம்பழம் நசுங்கிப்போனது.

இறங்கி வந்தவர், நசுங்கிய பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்கு வந்ததை நீ வாங்கிக்கிட்டியே, சாமி!"

"அட பாவி மனுஷா!" என்று கத்தியது பிரேக்.

மறுநாள் நாலு சக்கரத்துக்கு மேலேயும் நாலு பழம் தொங்கியது. சாமிப் பழத்தில் கால் பட்டுவிடக் கூடாதே என்று, செங்கோடன் பிரேக்கை மிதிக்காமல் கவனமாகத் தாண்டி ஏறினார்.