முன்வரிசை டிக்கெட்

"குடும்பம்ங்கிறது ஒரு கோட்டை. அந்தக் கோட்டையில விரிசல் விழாம காப்பாத்தத்தான் ஆண்டவர் என்னை இந்த பூமிக்கு அனுப்பியிருக்கார்!"

நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் கிளேட்டன் ரஸ்க். மூன்று முறை விவாகரத்து ஆனவர். லாஸ் வேகாஸில் அவர் விற்பது, ஆயுள் முழுக்க வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கிக்கொள்ள ஒரு ஹோட்டல் அறை.

மேசைக்கு எதிரே, அறுபதைத் தாண்டிய ஓர் ஆணும் பெண்ணும் இலவச டோனட்டை மென்றுகொண்டிருந்தார்கள். சூதாட்ட விடுதி வாசலில் ஆள் பிடிப்பவன்தான் அவர்களை வேனில் ஏற்றி இங்கே அனுப்பியிருந்தான். கணவனும் மனைவியுமாக வரவேண்டும். தனியாக வந்தால் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று நழுவிவிடுவார்கள் என்பது கம்பெனியின் அனுபவம். ரஸ்க்கின் பேச்சைக் கடைசிவரை கேட்டால் போதும், அறையை வாங்காவிட்டாலும் அன்று மாலை மந்திர வித்தைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் இலவசம்.

ஓய்வுபெறும் மந்திரவாதியின் கடைசிக் காட்சி அது. வெளியே டிக்கெட் தீர்ந்து பல நாள் ஆகிவிட்டது.

"எனக்கு ரூம் எல்லாம் வேண்டாம் சார். டிக்கெட் போதும்" என்றாள் அந்த அம்மாள். "மேடையில நிக்கிற லாரியை அவர் மறைய வைக்கிறதை ஒரு தடவை நேர்ல பார்த்துடணும். அதுக்காகவே நெப்ராஸ்காவிலேர்ந்து பஸ்ல வந்திருக்கேன்."

"டிக்கெட் எங்கேயும் ஓடிப்போயிடாது மேடம். முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"முப்பத்தொண்ணு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"முப்பத்தஞ்சு" என்றாள் அவள், அதே நேரத்தில்.

ரஸ்க் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேட்டீங்களா சார்?" அவள் சட்டென்று பொங்கினாள். "கல்யாணமான வருஷம்கூட இந்த மனுஷனுக்கு ஞாபகம் இல்லை!"

"நல்ல விஷயம்னா ஞாபகம் இருக்கும்" என்றார் அவர், காபியை உறிஞ்சியபடி.

ரஸ்க் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேலாளர் நிற்பது தெரிந்தது. இந்த மாதம் இன்னும் ஓர் அறைகூட விற்கவில்லை. ரஸ்க் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு நினைச்சுப் பாருங்க. வருஷா வருஷம் ஒரு வாரம். நீங்க ரெண்டு பேர் மட்டும். ஒரே அறை. ஜன்னலுக்கு வெளியே பாலைவனத்துல சூரியன் இறங்குது..."

"ஒரே அறையிலயா? இவரோடவா?" அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். "இவர் விடுற குறட்டைக்குப் பக்கத்து ரூம்காரன் போலீஸைக் கூப்பிடுவான் சார். ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுவார். வழி தெரியாட்டி ஒருத்தரைக் கேட்க மாட்டார். போன வருஷம் பெட்ரோல் தீர்ற வரைக்கும் சுத்தினோம்."

"மேப்பைத் தலைகீழா பிடிச்சது யாரு?"

"மூக்குல கண்ணாடியை மாட்டிக்கிட்டு வீடு பூரா தேடினது யாரு?"

"நீ சும்மா இரு. சார் பேசட்டும்."

"முப்பத்தஞ்சு வருஷமா சும்மாதான் இருக்கேன்!"

ரஸ்க் விலையில் கால் பங்கைக் குறைத்தார். மேலாளரே நேரில் வந்து பாதியாக்கினார்.

"அவ சரின்னா எனக்குச் சரி" என்றார் அவர்.

"நான் சரின்னு சொல்லணும், நாளைக்கு 'எல்லாம் உன்னாலதான்'னு இவர் ஆரம்பிக்கணும். அதானே? முதல்ல இவர் சொல்லட்டும்."

"நான் ஏன் முதல்ல சொல்லணும்?"

"ஆம்பளைதானே நீங்க?"

"அந்தச் சந்தேகம் வேறயா?"

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். ஆனால் ரஸ்க்கின் கண்கள் கலங்கியிருந்தன. எழுந்து, அடுத்த மேசையில் விரல் கோத்து உட்கார்ந்திருந்த புதுமணத் தம்பதியைப் பார்த்துக் குரல் உயர்த்தினார்.

"பார்த்துக்கங்க பிள்ளைகளா! இத்தனை சண்டைக்கு நடுவுல ஒருத்தராவது எழுந்து போனாங்களா? இதுதான் தாம்பத்யம். என் மூணு பேர்ல ஒருத்தி இப்படி உட்கார்ந்து திட்டியிருந்தா, நான் இன்னிக்கு நல்லா இருந்திருப்பேன்!"

கூடமே கை தட்டியது. புது மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணவனின் தோளில் சாய்ந்தாள். கணவன் அங்கேயே கையெழுத்துப் போட்டு அறையை வாங்கினான். அறை விற்றால் அடிக்கும் மணி ஒலித்தது.

ரஸ்க் ஓடிப்போய், அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த பின்வரிசை டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்வரிசை டிக்கெட்டுகள் இரண்டோடு வந்தார். "கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து பாருங்க. சண்டை போடாம இருக்கணும்னு சொல்லலை. போடுங்க. ஆனா பிரிஞ்சுடாதீங்க."

"முயற்சி பண்றோம் சார்" என்றாள் அவள்.

வெளியே வெயில் அடுப்பனல் போல முகத்தில் அறைந்தது. வேன் நிறுத்தத்தில் அவர் ஒரு டிக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். உள்ளே உங்களைக் கொஞ்சம் மரியாதை இல்லாம பேசிட்டேன்."

"ஐயோ, நான்தாங்க அதிகமா பேசிட்டேன். ஊர்ல இருக்கிற என் வீட்டுக்காரரை நினைச்சுக்கிட்டேன், தானா வந்துடுச்சு."

வேன் வரும்வரை இருவரும் சற்றுத் தள்ளியே நின்றார்கள். காலையில் காபிக் கடை வரிசையில் சந்தித்தவர்கள். ஒருவர் பெயரை மற்றவர் கேட்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.